ஒரு யூரோ வீடும் பிப்ரவரி மாதத்து மலையூரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் மலையூர்களில் ஒரு யூரோவுக்கு வீடு கிடைக்கிறது என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல் வீடுகளும், சன்னலோரப் பூந்தொட்டிகளும், கீழே பள்ளத்தாக்கில் விரியும் திராட்சைத் தோட்டங்களுமாகப் படங்கள் மிக அழகாக இருந்தன. அந்த அழகு உண்மையானதுதான்; அதை மறுக்க நான் எழுதவில்லை. என் கணவரின் வேலையை முன்னிட்டு 2022 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை, உம்ப்ரியா பிராந்தியத்தில் ஃபொலீனியோ நகரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு மலையூரில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் கண்டது கட்டுரையில் இல்லை. அங்கே வீடு மலிவாக இருப்பதற்குக் காரணம், அதற்குள் அன்றாடம் விளக்கேற்ற ஆளில்லை என்பதே. வீடு வாங்க வருபவரிடம் அந்த ஊர்கள் எதிர்பார்ப்பது, அவருடைய பணத்தைக் காட்டிலும் அவர் அங்கே கழிக்கப்போகும் நாட்களை.

ஊரின் பெயரை நான் எழுதவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இடம்; பெயரைச் சொன்னால், நான் குறிப்பிடப்போகும் அண்டை வீட்டாரை அங்குள்ள எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதலில் அந்த ஒரு யூரோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிசிலித் தீவிலுள்ள சலேமி 2008இல் இந்த யோசனையை முன்வைத்தது. உலகமெங்கும் பேசப்பட்டதோ, அதே தீவின் சம்புகா 2019இல் அறிவித்தபோதுதான். அப்போது சம்புகாவில் ஒரு யூரோ என்பது ஏலத்தின் தொடக்க விலையாக இருந்தது. வாங்குபவர் மூன்று ஆண்டுகளுக்குள் வீட்டைச் செப்பனிட்டு முடிக்க வேண்டும். அதற்குப் பிணையாக 5,000 யூரோ கட்ட வேண்டும். வேலை முடியாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். பத்திரத்தை எழுதிப் பதியும் ‘நொத்தாயோ’வின் கட்டணமும் வாங்குபவரைச் சேர்ந்தது. கூரை சரிந்து, உத்தரம் உளுத்துப்போன ஒரு வீட்டுக்கு ஆகும் கொத்து வேலையும் தச்சு வேலையும், விலையைப் போலப் பல ஆயிரம் மடங்கு. இவை அனைத்துக்கும் மேலாக, வீடு சொந்தமாகிவிட்டதாலேயே அங்கு வசிக்கும் உரிமை வந்துவிடாது. சுற்றுலா விசாவில் செல்லும் இந்தியர் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. அதற்கு மேல் தங்க வேண்டுமானால் நீண்டகால விசா பெற்றுச் சென்று, வந்திறங்கிய 8 வேலை நாட்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அஞ்சலகத்தில் விண்ணப்ப உறையை வாங்கி, 16 யூரோ ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பி, பிறகு காவல்துறைத் தலைமையகத்தில் கைரேகை பதித்து, நாங்கள் மாதக்கணக்கில் அட்டைக்காகக் காத்திருந்தோம்.

இந்தச் சடங்குகளில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஊரை நான் புரிந்துகொள்ளத் தொடங்கியது அதில்தான். இத்தாலியில் ஒருவர் ஓர் ஊரில் குடியேறினால், ஊர் மன்றத்தின் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்க்க வேண்டும். ‘ரெசிதென்சா’ என்று அதைச் சொல்கிறார்கள். அந்தப் பதிவு இருந்தால்தான் குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுக்கவும், ஊர் மதிலுக்குள் காரைக் கொண்டுவர அனுமதிச் சீட்டு பெறவும் வழி பிறக்கும். விண்ணப்பித்தபின் 45 நாட்களுக்குள், நாம் உண்மையிலேயே அங்கு வாழ்கிறோமா என்று பார்க்க ஊர்க் காவலர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். வாசலில் நின்று, ‘பெர்மெஸ்ஸோ’ (உள்ளே வரலாமா) என்று கேட்டு, நான் வரச் சொன்னபின்னரே நிலைப்படியைத் தாண்டினார். அடுப்பில் இருந்த பாத்திரத்தையும், சன்னலுக்கு வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளையும், கதவருகே இருந்த நான்கு ஜோடிக் காலணிகளையும் பார்த்தார். எங்கள் தாள்களை அவர் பெரிதாகப் புரட்டவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அங்கிருந்த 80 வயது மூதாட்டியிடம் எங்களைப் பற்றி விசாரித்தார். “இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் விளக்கணைக்கிறார்கள்” என்று அந்த அம்மையார் சொன்னார். காவலர் அதைக் குறித்துக்கொண்டு விடைபெற்றார். நம் சன்னலின் வெளிச்சத்தை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பது முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஏன் கவனித்தார் என்பது ஜனவரி வந்தபோது விளங்கியது.

எங்கள் வீடு மதிலின் வாயிலிலிருந்து 64 படிகள் மேலே இருந்தது. கார் அங்கே வராது. தண்ணீர்ப் புட்டிகள், உருளைக்கிழங்கு மூட்டை, குளிர்காலத்துக்கான விறகு எல்லாவற்றையும் கையில்தான் சுமக்க வேண்டும். பெரிய சாமான்களைக் கொண்டுவர ஒரே வாகனம், நம் சாலைகளில் சரக்கு ஏற்றிச் செல்லும் அதே ஆப்பே மூன்று சக்கர வண்டி. இத்தாலிய மொழியில் ‘ஆப்பே’ என்றால் தேனீ. 1948இல் பியாஜியோ நிறுவனம் அதை உருவாக்கியது. போருக்குப் பிந்தைய வறுமைக் காலத்தில் இந்த ஒடுங்கிய சந்துகளுக்காகவே செய்ததுபோல அது பொருந்திவிட்டது. எங்கள் குளிர்சாதனப் பெட்டி அதில்தான் வந்தது. ஓட்டியவருக்கு 70 வயதிருக்கும். இருபக்கச் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளியே இருந்த வளைவில், ஒரு கீறலும் இல்லாமல் அவர் வண்டியைத் திருப்பியதை நான் இன்னும் வியப்போடு நினைக்கிறேன். அவருக்குப் பின் அந்த வேலையைச் செய்ய ஊரில் எவரும் இல்லை.

காலை ஏழு மணிக்கு ஊர் விழிப்பது சதுக்கத்திலுள்ள ‘பார்’ என்னும் கடையில். மதுக்கடை என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். அது காப்பிக் கடை. மேடைக்கு முன் நின்றபடியே இரண்டு மிடறில் குடித்துவிட்டுப் போகும் காப்பிக்கு அப்போது 1.20 யூரோ. பேருந்துச் சீட்டும், செய்தித்தாளும், புகையிலையும், மின்கட்டணம் கட்டும் இயந்திரமும் அங்கேயே. உள்ளே நுழைபவர் அங்கிருக்கும் அனைவருக்கும் பொதுவாக வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் நுழைபவரை வெளியூரார் என்று அறிந்துகொள்வார்கள். நண்பகல் உணவுக்குப் பின் ‘புவோன்ஜோர்னோ’ என்னும் பகல் வணக்கத்தைச் சொன்னால் திருத்துவார்கள். வெயில் உச்சியில் இருந்தாலும் அப்போது ‘புவோனசேரா’ என்னும் மாலை வணக்கம்தான். அஞ்சலகத்திலும் மருத்துவர் அறையிலும் வரிசை என்று கண்ணுக்குத் தெரியும் ஒன்று கிடையாது. உள்ளே வருபவர் “கடைசி ஆள் யார்?” என்று கேட்பார், ஒருவர் கை தூக்குவார், அவருக்குப் பின் நம் முறை என்று நினைவில் வைத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். அடுத்து ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்கும்போது நாம் கை தூக்க வேண்டும். முதன்முறை நான் கை தூக்கியபோது, ஓர் இடம் எனக்கு அளிக்கப்பட்டதாக உணர்ந்தேன். இதை எந்தச் சுற்றுலாக் கட்டுரையும் எழுதி நான் பார்த்ததில்லை.

பிற்பகல் ஒரு மணிக்குக் கடைகள் மூடப்படும். மீண்டும் திறக்க நான்கு மணி ஆகிவிடும். தொடக்கத்தில் இது எனக்குச் சிரமமாக இருந்தது. பிறகு அந்த மூன்று மணி நேரத்தில் தெருவில் கேட்கும் தட்டுகளின் ஒலியும், பின்வரும் அமைதியும் நாளை இரண்டாகப் பிரித்துத் தருவது பிடித்துப்போயிற்று. ரொட்டியில் உப்பே இருக்காது. 1540இல் போப் மூன்றாம் பவுல் உப்பின் விலையை ஏற்றியபோது பெரூஜா நகரத்தார் கிளர்ந்தெழுந்து தோற்றதன் நினைவு அது என்று ஊரார் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இந்த விளக்கத்தை அப்படியே ஏற்பதில்லை. உப்பும் புகையிலையும் அரசின் தனியுரிமையாக இருந்த காலத்து ‘உப்பு, புகையிலை’ என்ற பழைய பலகை எங்கள் ஊரில் ஒரு கடையின் மேல் இன்னும் தொங்குகிறது.

குப்பையைப் பற்றிச் சொல்லாமல் மலையூர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. உணவுக் கழிவு, காகிதம், நெகிழி, கண்ணாடி, மிச்சம் என்று ஐந்தாகப் பிரித்து, குறிப்பிட்ட கிழமையின் முந்தைய இரவில் குறிப்பிட்ட பெட்டியை மட்டும் வாசலில் வைக்க வேண்டும். நான் ஒருமுறை காகிதத்தோடு நெகிழி உறையையும் போட்டுவிட்டேன். எடுப்பவர் எடுக்காமல் போய்விட்டார். எதிர்வீட்டு அம்மையார் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, என் சமையலறை மேசையில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக் காட்டினார். கோபம் சற்றும் இல்லை. அவர் ஒரு வேலையைக் கற்றுத்தந்தார், அவ்வளவே. நாங்கள் நெருங்கியது அன்றிலிருந்துதான்.

அவருக்கு ஊருக்குக் கீழே 60 ஒலிவ மரங்கள் இருந்தன. அசிசியிலிருந்து திரேவி வழியாக ஸ்பொலேத்தோ வரை மலைச்சரிவு முழுவதும், கல் அடுக்கிய படிவரப்புகளில் ஒலிவ மரங்கள் தொடர்கின்றன. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2018இல் இந்த நிலப்பரப்பை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுச் சின்னமாக அங்கீகரித்தது. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் அறுவடை. மரத்தடியில் வலையை விரித்து, சீப்புப் போன்ற கைக்கருவியால் கிளைகளைச் சீவ வேண்டும். ரோமிலிருந்து அவருடைய மகனும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள்; நானும் என் கணவரும் ஆறு நாட்கள் உடன் நின்றோம். பறித்த காயைத் தாமதிக்காமல் செக்குக்குக் கொண்டுபோக வேண்டும். குவியலில் சூடேறினால் எண்ணெய் கெட்டுவிடும். 100 கிலோ காய்க்கு 12 முதல் 15 கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். நம் முறை வரும் வரை செக்கின் கணப்பருகே உட்கார்ந்து, சுட்ட ரொட்டியில் புது எண்ணெயை ஊற்றிச் சாப்பிடுவார்கள். பச்சை நிறத்தில், தொண்டையைக் கீறும் காரத்தோடு இருக்கும் அந்த எண்ணெயைத்தான் அவர்கள் நல்ல எண்ணெய் என்கிறார்கள்.

அந்த மரங்களில் பல, ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகளாகக் கிளைத்திருந்தன. ஏனென்று கேட்டேன். 1956 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் மரங்கள் தோல் வெடித்துப் பட்டுப்போயின என்றும், தம் தந்தை அடிவரை வெட்டிவிட்டுக் காத்திருந்தார் என்றும், வேரிலிருந்து துளிர்த்தவையே இவை என்றும் சொன்னார். அப்போது அவருக்கு 14 வயது. நிலம் அப்போது அவர்களுடையதல்ல. விளைச்சலில் பாதியை நிலக்கிழாருக்கு அளக்கும் ‘மெத்சாத்ரியா’ என்னும் வார முறையில் உழுதவர்கள். 1964இல் புதிய மெத்சாத்ரியா ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. அதற்கு முன்பும் பின்பும் இளைஞர்கள் கீழேயுள்ள ஆலைகளுக்கும், தெர்னி நகரத்தின் எஃகு உருக்காலைக்கும், ரோமுக்கும் போய்விட்டார்கள். கடன் பட்டு நிலத்தை வாங்கித் தங்கியவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். பக்கத்து வரப்புகளில் முள் மண்டிக் கிடந்தது. அவற்றின் சொந்தக்காரர்கள் யார் என்பது கூட ஊரில் சரிவரத் தெரியவில்லை. மூன்று தலைமுறை வாரிசுகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒரு யூரோ வீடுகளும் இப்படித்தான் உண்டாகின்றன.

அந்த அறுவடையின் நான்காம் நாள் அவர் எனக்கு ஒரு சலுகை அளித்தார். இத்தாலிய மொழியிலும் நம் மொழியைப் போல ‘நீ’யும் ‘நீங்க’ளும் உண்டு. ஓராண்டாக இருவரும் ஒருவரையொருவர் ‘சின்யோரா’ (அம்மையார்) என்றும் மரியாதைச் சொல்லாலும் அழைத்து வந்தோம். இனி ‘நீ’ என்றே பேசிக்கொள்வோம் என்றார். அதைச் சொல்லும் உரிமை மூத்தவருக்கே உரியது. என்னை அவர் ‘நீ’ என்று அழைத்தது மகிழ்ச்சி தந்தது. 80 வயதைக் கடந்தவரை நான் ‘நீ’ என்பதற்கு என் நா எளிதில் இசையவில்லை. இறுதிவரை தடுமாறியே பேசினேன். அவர் அதைப் பொறுத்துக்கொண்டார்.

டிசம்பருக்குப் பின் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிறைந்துவிடும். மேலே நாங்கள் வெயிலில் இருப்போம். கீழே வெண்கடல், அதில் மோந்தெஃபால்கோவும் திரேவியும் தீவுகளைப் போல நிற்கும். கட்டுரைகளில் வரும் படங்கள் இவைதான். படத்தில் வராதவை, முக்கால் மீட்டர் தடிப்புள்ள கற்சுவரிலிருந்து கசியும் குளிரும், மாலை ஐந்து மணிக்கே வெறிச்சோடும் தெருவும். வீட்டை வெப்பமூட்டும் அமைப்பைக் கூட நினைத்தபடி இயக்க முடியாது. 1993இன் ஆணைப்படி நாடு ஆறு தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெரூஜா அடங்கிய மண்டலத்தில் வழக்கமாக அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளொன்றுக்கு அதிகபட்சம் 14 மணி நேரம். 2023 ஜனவரியில் ஒரு மாலை, எங்கள் தெருவில் நடந்தபடியே எண்ணிப் பார்த்தேன். 19 வீடுகளில் 4 சன்னல்களில் வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டு அம்மையார் என் சன்னலை ஏன் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆகஸ்ட் 15, ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையின்போது அதே தெருவில் 19 வீடுகளிலும் விளக்கெரிந்தது. குழந்தைகள் நள்ளிரவுவரை சதுக்கத்தில் பந்து விளையாடினார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அனைவரும் ரோமுக்கும் மிலானுக்கும் திரும்பிவிட்டார்கள்.

இந்த வெற்று வீடுகளின் சுவர்களில் எக்ஸ், எஸ் எழுத்துகளைப் போன்ற இரும்புத் தகடுகளைக் காணலாம். அவை அலங்காரமல்ல, எதிரெதிர்ச் சுவர்களை உள்ளே ஓடும் இரும்புக் கம்பியால் பிணைத்து, நிலநடுக்கத்தில் சுவர் வெளிப்புறம் சரியாமல் காப்பவை. 1997 செப்டம்பர் 26 அன்று அசிசியின் பெருங்கோவிலில் கூரை வளைவு விழுந்து நால்வர் இறந்ததும், அதே ஆண்டு அக்டோபர் 14இல் ஃபொலீனியோ ஊர் மன்றத்தின் கோபுரம் சரிந்ததும், 2016 அக்டோபர் 30இல் நோர்ச்சாவின் புனித பெனடிக்ட் பேராலயம் இடிந்ததும் அவர்களுக்கு நேற்று நடந்தவை போல. படுக்கைக்கு அருகே காலணியும் கைவிளக்கும் வைத்துத் தூங்கும் பழக்கம் எங்களுக்கும் வந்தது. மலிவாகக் கிடைக்கும் கல் வீட்டை நிலநடுக்கத்துக்கு ஏற்ப வலுப்படுத்தும் செலவையும் வாங்குபவர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்களுடைய இரண்டாவது குளிர்காலத்தில் ஊரின் ஒரே மளிகைக் கடை மூடப்பட்டது. நடத்தி வந்த தம்பதிக்கு வயதாகிவிட்டது; எடுத்து நடத்த ஆள் வரவில்லை. அடுத்த கடை 9 கிலோமீட்டர் கீழே. பேருந்து பள்ளிப் பிள்ளைகளின் நேரத்துக்கு மட்டும் ஓடும், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கார் ஓட்டாத முதியவர்களுக்காகக் காப்பிக் கடைக்காரர் தினமும் 30 ரொட்டிகளை வாங்கி வந்து, இலாபமின்றிக் கொடுக்கத் தொடங்கினார். மருத்துவர் வாரத்தில் இரண்டு காலைகள் வருவார். அஞ்சலகம் ஒன்றுவிட்டு ஒரு நாள் திறக்கும்; மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியம் வாங்கும் நாட்களில் ஊர் முழுவதும் அங்கே கூடும். பள்ளியில் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் ஒரே ஆசிரியையிடம் படித்தார்கள். இத்தகைய கூட்டு வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகளாவது வேண்டும் என்பது விதி. எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த எண்ணிக்கை நிலைத்தது, முதியவர்களைப் பராமரிக்கவும் தோட்ட வேலைக்கும் வந்த ருமேனிய, அல்பேனிய, மொராக்கோக் குடும்பங்களின் பிள்ளைகளால். அந்தக் குடும்பங்கள் எவையும் ஒரு யூரோவுக்கு வீடு வாங்கியவை அல்ல. வாடகை கொடுத்து, பன்னிரண்டு மாதமும் அங்கேயே இருப்பவை.

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. இத்தாலியில் ஏறத்தாழ 7,900 ஊர் மன்றங்கள் உள்ளன. அவற்றில் சுமார் 5,500 ஊர்களில் மக்கள்தொகை 5,000க்கும் குறைவு. இவற்றுக்கென்றே 2017இல் 158ஆம் எண் சட்டம் இயற்றப்பட்டது. அஞ்சலகம், பள்ளி, போக்குவரத்து போன்ற சேவைகளைக் காக்க வேண்டும் என்று அது கூறுகிறது. நாடு முழுவதும் 2023இல் பிறந்த குழந்தைகள் சுமார் 3,80,000 பேர். அதுவரை பதிவான எண்ணிக்கைகளிலேயே அதுதான் மிகக் குறைவு. சட்டத்தின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எட்டாவது பிள்ளையைச் சட்டம் கொண்டுவர முடியாது.

சதுக்கத்துக்குப் போகும் வளைவின் கீழே ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. ஊரில் எவரேனும் இறந்தால், கறுப்புக் கரையிட்ட காகிதத்தில் பெயரும் வயதும் அடக்கம் நடக்கும் நேரமும் அச்சிட்டு அங்கே ஒட்டுவார்கள். ஒரே பெயரில் பலர் இருப்பதால், ஊரார் அழைத்த செல்லப்பெயரும் சேர்ந்திருக்கும். காலையில் ரொட்டி வாங்கப் போகும் ஒவ்வொருவரும் அங்கே நின்று படித்துவிட்டே நகர்வார்கள். முதல் ஆண்டு நானும் மொழிப் பயிற்சிக்காகப் படித்தேன். இரண்டாம் ஆண்டு மார்ச்சில் ஒரு நாள், அந்தக் காகிதத்தில் ஆப்பே வண்டிக்காரரின் பெயரைக் கண்டேன். பெயரால் எனக்குத் தெரியவில்லை. செல்லப்பெயரைக் கண்டபின்பே தெரிந்தது. மறுநாள் அடக்கத்துக்குக் கணவரோடு போனேன். எங்கே நிற்பது என்று தயங்கியபோது எதிர்வீட்டு அம்மையார் என் முழங்கையைப் பிடித்துத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கோவில் மணியோசை நின்றதும் சவப்பெட்டியின் பின்னால் அனைவரும் நடந்தோம். மதிலின் வாயிலில் அவருடைய வண்டி நிறுத்தப்பட்டிருந்தது. யாரோ அதன் கைப்பிடியில் ஒலிவக் கிளை ஒன்றைச் செருகியிருந்தார்கள்.

வெறும் பார்வையாளர்களால் ஓர் ஊர் நிலைக்குமா என்று கேட்பவர்கள், பக்கத்துப் பிராந்தியமான லாத்சியோவின் சிவித்தா தி பாஞோரெஜோவைப் பார்க்கலாம். அரிக்கும் களிமண் குன்றின் மேல் நிற்கும் அந்த ஊரை 1965இல் கட்டிய நடைபாலம் ஒன்றே வெளியுலகோடு இணைக்கிறது. 2013 முதல் உள்ளே போக நுழைவுக் கட்டணம். ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் வந்து போகிறார்கள்; ஆண்டு முழுவதும் வாழ்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் ஏப்ரலில் ஒருமுறை சென்றேன். உணவகங்களும் நினைவுப்பொருள் கடைகளும் நிறைந்திருந்தன. கடைசி ஆள் யார் என்று கேட்க அங்கே ஓர் இடமும் இல்லை. கட்டணப் பணத்தால் அந்தக் குன்று சரியாமல் காக்கப்படுகிறது என்பதையும் நான் அறிவேன். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊர் அப்படி ஆவதைப் பார்க்க என் மனம் ஒப்பாது. இதற்கு மாறாக, உம்ப்ரியாவிலேயே உள்ள ஸ்பெல்லோ ஊரில் கோர்ப்புஸ் தோமினி என்னும் கிறிஸ்தவத் திருவிழாவுக்கு முந்தைய இரவு தெருக்களில் இதழ்களால் கோலமிடுவதைக் கண்டேன். மறுநாள் காலை வரும் பயணிகள் பார்ப்பது முடிந்த கோலத்தை. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் கார்க் கொட்டகைகளில் உட்கார்ந்து இதழ் கிள்ளி, நிறம் பிரித்து, உலர்த்தி வைக்கிறார்கள். அந்தக் கைகள் அங்கே குடியிருப்பதால்தான் கோலம் விழுகிறது.

எதிர்வீட்டு அம்மையாரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுகிறேன். நாங்கள் காலிசெய்த வீட்டை உரிமையாளர் வாரக் கணக்கில் பயணிகளுக்கு விடுகிறாராம். கதவருகே எண் பூட்டுள்ள சிறு சாவிப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள்; வருபவர்கள் தாமே திறந்து, தாமே மூடிவிட்டுப் போகிறார்கள், அவர்களில் எவர் முகத்தையும் தாம் பார்த்ததில்லை என்றார். இந்த ஜனவரியில் தெருவில் மூன்று சன்னல்களில்தான் வெளிச்சமாம். அவர் கணக்கு வைத்திருக்கிறார்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு யூரோ வீடுகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, பிணைத் தொகையையும் கால வரம்பையும் விசாவின் நாள் கணக்கையும் தயவுசெய்து படங்களுக்கு அருகிலேயே வெளியிடுங்கள். உண்மையான விருப்பத்தோடு இருக்கும் வாசகர்கள், பணம் அனுப்புவதற்கு முன்பு அந்த ஊரிலேயே ஒரு பிப்ரவரி மாதத்தை வாடகை வீட்டில் கழித்துப் பார்க்க வேண்டும் என்றும், மளிகைக் கடை, மருத்துவர், பள்ளி, பேருந்து ஆகியவை அந்த மாதத்தில் எந்தெந்த நாளில் இயங்குகின்றன என்று காப்பிக் கடையில் விசாரிக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுங்கால வாசகி